செய்தி வேறு, அறிவித்தல் வேறு

மகள் பத்தாம் ஆண்டுக்குப் போனபோது தொகுதிப் பாடம் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. மனைப்பொருளியல் எடுப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணனோ, கடல் வளத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறதாம், அதை எடுத்தால் பிறகு மீன்பிடிக் கந்தோரில் வேலைக்குப் போகலாம் என்றார். அவள் இரண்டையும் எடுக்கவில்லை. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பிடியெண்டா என்னடி?" என்று கேட்டேன்.

"பேப்பர், ரேடியோ, ரீவியைப் பற்றிப் படிக்கிறது அம்மா."

"அதெல்லாம் வீட்டில இருந்து பாக்கிறதுதானே. அதுக்கு ஏன் பள்ளிக்கூடம்?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன், "விடுங்கோ தங்கச்சி. என்ர மனுசி அந்தப் பாடத்தில எப்பவோ பாஸ். ஊர்ச் செய்தி எல்லாம் முதல் அவவிட்டத்தான் வரும்" என்றார். அவருடைய மனைவி உள்ளே இருந்து ஏதோ சொன்னார். அது எழுதக்கூடியது அல்ல.

எங்கள் இரண்டு வளவுக்கும் இடையில் பனையோலை வேலி மட்டும்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அண்ணன் ஒரு காலத்தில் படகு ஓட்டியவர். முழங்கால் பழுதான பிறகு கரையோடு நின்றுவிட்டார். பிள்ளைகள் இல்லை. மகள் அவர்களை மாமா, மாமி என்பாள். அவருடைய மனைவியை நான் மச்சாள் என்பேன். சொந்தம் என்று இரத்தத்தில் ஒன்றும் இல்லை. மன்னார்த் தீவின் கரையோர ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் ஆகிவிடுவார்கள்.

நான் அதிகம் கதைக்காதவள். ஓ.எல். வரை படித்தேன். மீன் வெட்டி உப்புப் போடுகிற வாடி ஒன்றில் வேலை செய்தேன். கடைக்குப் போனால் மற்றவர்கள் வாங்கி முடியும் வரை ஒதுங்கி நிற்பேன். கோவிலில் பூசைக்குப் போனால் கடைசி வாங்கில்தான் இருப்பேன். யாராவது ஏதாவது கேட்டால் எனக்கு முதலில் வருவது வியர்வைதான். பதில் பிறகுதான் வரும்.

அவளுடைய அப்பா அப்போது வீட்டில் இல்லை. அவள் ஐந்தாம் ஆண்டில் படித்தபோது தொழிலுக்குப் போனவர். கடலுக்குப் போவதை எங்கள் கரையில் தொழிலுக்குப் போவது என்றுதான் சொல்வோம். போனவர் வரவில்லை. யாராவது கேட்டால், "தொழிலுக்குப் போட்டார்" என்று நான் சொல்வேன். மகளும் அதையே சொல்வாள். ஊருக்குள் எல்லாருக்கும் விசயம் தெரியும் என்பதால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. செத்துப்போனார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை.

ஊடகம் படிப்பித்த ரீச்சர் நானாட்டான் பக்கத்தவர். வயல் செய்கிற குடும்பம். விவசாயம் படிப்பிக்க வந்தவரிடம், ஆள் இல்லை என்று ஊடகத்தையும் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே பிள்ளைகளிடம், "நெல்லைப் பற்றிக் கேட்டா எனக்குத் தெரியும். ரேடியோவைப் பற்றி எல்லாருமாச் சேர்ந்து படிப்பம்" என்றாராம். மகளுக்கு அந்த ரீச்சரைப் பிடித்துப்போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் படித்ததை அவள் குசினியில் வந்து திரும்பப் படிப்பிப்பாள். மாணவி நான் ஒருத்திதான். தொடர்பாடல் என்றால் அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர், நடுவில் ஒரு செய்தி, பிறகு பின்னூட்டல். நான் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் கறிக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தால், "அம்மா, நான் அனுப்பிக்கொண்டே இருக்கிறன். உங்களிட்ட இருந்து பின்னூட்டல் வரேல்லை" என்பாள்.

"உப்புக் காணுமோ எண்டு பார்" என்பேன்.

"இது இரைச்சல். பின்னூட்டல் இல்லை."

செய்தி என்றால் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். உறுதிப்படுத்தாத செய்தியை வெளியிடக் கூடாது; ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் விசாரிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அவள் சொல்லிச் சொல்லியே பாடமானது. சோதனை வைத்திருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

பிறகு வாசிப்புப் பயிற்சி வந்தது. ரேடியோவுக்கு வாசிப்பதில் எது கடினம் என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் செய்தி என்றார்கள், விளையாட்டு வர்ணனை என்றார்கள். ரீச்சர் மரண அறிவித்தல் என்றாராம். அதில் பெயர்கள் நிறைய. ஒரு பெயர் பிசகினாலும் ஒரு குடும்பம் கோபிக்கும். வாசிக்கிறவர் அழவும் கூடாது, சிரித்த குரலும் கூடாது. "துக்கம் வீட்டுக்காரருக்கு. எங்களுக்கு உச்சரிப்பு" என்று ரீச்சர் சொன்னதை மகள் வந்து அதே குரலில் சொல்லிக் காட்டினாள்.

அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அது காதில் ஊறியது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார். நல்லடக்கம் இத்தனை மணிக்கு, இந்தச் சேமக்காலையில். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். பிறகு ஒரு மூச்சு விட்டு, தகவல் என்று சொல்லி, அறிவித்தலைக் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டும். தகவல், மனைவி மக்கள். தகவல், சகோதரர்கள். அந்த மூச்சை விடத் தெரியாமல் ஓடி வாசிக்கிற பிள்ளைகளை ரீச்சர் திரும்ப வாசிக்க வைத்தாராம்.

மகள் அகப்பையை மைக்காகப் பிடித்துக்கொண்டு வாசித்துப் பழகினாள். அவளுக்கு நல்ல குரல். அடியில் கொஞ்சம் கனம் இருக்கும். சொல்லுக்குச் சொல் வெளியே தெளிவாக வரும். ரேடியோவில் வேலைக்குப் போவாள் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். போகவில்லை, கேட்டும் பார்க்கவில்லை. இப்போது அடம்பனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அவள் சொல்வதைக் கேட்கவே சில கிழவர்கள் இரண்டாம் தரமும் கேட்பார்களாம்.

வாசிப்பதற்குச் செத்த ஆட்கள் வேண்டுமே. கற்பனைப் பெயர்கள் கொஞ்ச நாளில் முடிந்துபோயின. ஊர் ஆட்களை ஒவ்வொருவராக எடுக்கத் தொடங்கினாள். அண்ணனுக்கு அது பெரிய பொழுதுபோக்கு. பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் கதிரையைப் போட்டுக் காத்திருப்பார்.

"பிள்ளை, இண்டைக்கு ஆரை முடிச்சனீ?"

"சங்கக் கடை மனேச்சரை, மாமா."

"நல்லது. நெடுகக் கடையைப் பூட்டிப்போட்டுப் போறவன். அடக்கம் எத்தினை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

"அப்பவும் பிந்தித்தான் வருவான்."

ஒரு நாள், "நாளைக்கு என்னை வாசி" என்றார். "பிள்ளையளைக் கனக்கப் போடு. மருமக்களையும் போடு. கனடாவில ரெண்டு பேர் இருக்கட்டும்."

"உங்களுக்குப் பிள்ளையளே இல்லையே மாமா."

"வாசிக்கிறதுதானே. சாகேக்கையாவது இருக்கட்டும்."

மச்சாள் விளக்குமாறோடு வந்து, "வாயைக் கழுவுங்கோ. இதெல்லாம் மாதாவுக்கே அடுக்காது" என்று திட்டினார். ஆனாலும் அடுத்த நாள் மகள் அண்ணனை வாசித்தபோது மச்சாளும் வேலியடியில் வந்து நின்றார். மகள் ஆறு பிள்ளைகளைக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பெயராக, அவசரப்படாமல் வாசித்தாள். பிறகு அண்ணன், "கடைசிப் பொடியன்ர பெயர் வடிவாயிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

நான் குசினியில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். ஏற்றுக்கொள்ளவும் என்ற சொல் வரும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கும். மாவு விலை ஏறினால் அதை ஏற்றுக்கொள்ளும்படி ரேடியோவில் யாரும் கேட்பதில்லை. புயல் வரும் என்றால் வரும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாவை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்கள். அப்படியென்றால் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கவும் ஆட்களுக்கு வழி உண்டு என்றுதானே அர்த்தம் என்று நினைப்பேன்.

அவளுடைய அப்பா போனது சண்டை முடிந்த பிறகு. சண்டைக் காலம் முழுவதும், நேவிக்குப் பாஸ் காட்டி, நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்து, ஒரு கீறலும் இல்லாமல் திரும்பிய மனுசன். கடலைத் திறந்துவிட்ட பிறகு, இனிப் பயமில்லை என்று எல்லாரும் சொன்ன காலத்தில், ஒரு வாடைக் காற்றுக்கு முதல் நாள் பின்னேரம் போனார். பைபர் படகு, இரண்டு பேர். மகளுக்குக் கணக்குப் பாடத்துக்குக் கவராயம் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மீனை விற்றுவிட்டுக் கடைக்குப் போக நினைத்திருப்பார்.

படகு கவிழ்ந்தபடி கண்டெடுக்கப்பட்டது. கூடப் போனவருடைய உடல் தெற்கே மறிச்சுக்கட்டிப் பக்கத்துக் கரையில் ஒதுங்கியது. அவரைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நான் போனேன். அவருடைய மனைவி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபோது, நான் அவருக்காக மட்டும் அழுதேன். என் மனுசனுக்காக அழவில்லை. அழுதால் முடிந்துவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம்.

நான் இப்படி இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தீவில் வேறொரு ஊரைச் சேர்ந்த ஒருவர் இப்படித்தான் போய், வராமல், முப்பத்தோராம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்து முடிந்த பிறகு வந்தார். இந்தியாப் பக்கம் காற்று இழுத்துக்கொண்டு போய், அங்கே சிறையில் இருந்திருக்கிறார். வீட்டுக்குள் வந்து, மாலை போட்டிருந்த தன் படத்துக்கு முன்னால் நின்று, "ஆரப்பா இந்த வடிவான மனுசன், எப்ப செத்தவர்?" என்று கேட்டாராம். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அந்தக் கதையைச் சிரிப்பதற்காக வைத்திருக்கவில்லை.

அதனால் தாலியைக் கழற்றவில்லை. நிறச் சீலைதான் உடுத்தேன். அவருடைய சாரங்களை மாதத்துக்கு ஒரு தரம் துவைத்துக் காயப் போட்டு அலுமாரியில் மடித்து வைத்தேன். மகள் அதற்கெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை. கொடியில் இருந்து எடுத்து மடிக்க உதவி செய்வாள்.

பதினொராம் ஆண்டில் ரீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தார். கற்பனை காணும், இனி உங்கள் வீட்டில் உண்மையாக இறந்த ஒருவருக்கு அறிவித்தல் எழுதி வந்து வகுப்பில் வாசியுங்கள் என்றார். மகள் வந்து உடுப்பும் மாற்றாமல் என் முன்னால் குந்தினாள். நான் திரளிக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் அப்பாவுக்கு எழுதட்டோ?"

"அப்பப்பாவுக்கு எழுது."

"அப்பப்பாவை நான் காணேல்லை."

"காணாத ஆக்களைத்தானே இவ்வளவு நாளும் வாசிச்சனீ."

அவள் போகவில்லை. நான் கத்தியை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகிவிடும்.

"உறுதிப்படுத்தாத செய்தியைச் சொல்லக் கூடாது எண்டு உங்கட ரீச்சர்தானே படிப்பிச்சவ. நீதானே எனக்குச் சொன்னனீ. ஆர் உறுதிப்படுத்தினது? சொல்லு பாப்பம்."

"அது செய்திக்கு, அம்மா. செய்தி வேற, அறிவித்தல் வேற." கோபமில்லாமல், விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "செய்தியெண்டா ரேடியோக்காரர் விசாரிக்க வேணும். அறிவித்தலுக்கு அவையள் ஒண்டும் கேக்கமாட்டினம். வீட்டுக்காரர் சொன்னாச் சரி. அதுக்குத்தான் கடைசியில தகவல் எண்டு வாறது."

"அப்ப நான் சொன்னாத்தான் அவர் சாவாரோ?"

செதில் ஒன்று அவளுடைய வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரில எல்லாற்ற அப்பாவையும் வாசிச்சிட்டன்" என்றாள். "என்ர அப்பாவை நான் எப்ப அம்மா வாசிக்கிறது?"

"அவர் தொழிலுக்குப் போட்டார்" என்றேன்.

அவள் எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அகப்பை அகப்பையாகவே இருந்தது. அண்ணன் ஒன்றிரண்டு நாள் வேலியடியில் இருந்து பார்த்தார். "என்ன பிள்ளை, ஊரில ஒருத்தரும் சாகிறேல்லையோ?" என்று கேட்டார். "படிப்பு இருக்கு மாமா" என்றாள். பள்ளி விட்டு வர அவளுக்கு நேரம் பிந்தத் தொடங்கியது. சிநேகிதிகளோடு கரைப் பக்கமாகச் சுற்றி வருகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கதை திரும்ப வந்துவிடும் என்று பயந்தேன்.

தவணை முடிவில் பெற்றார் கூட்டம் நடந்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஓடிவிட வசதியாக எப்போதும் அங்கேதான் இருப்பேன். ஆனால் ரீச்சர் என்னைக் கண்டு, விறாந்தைக்கு வந்துவிட்டார். நான் நினைத்திருந்ததைவிட இளம் ஆள். பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கக் கைப்பையைத் தோளில் போட்டபடியே கதைத்தார்.

"நீங்கள்தானே அம்மா? உங்கட பிள்ளை நல்ல கெட்டிக்காரி. அந்தக் குரலை விட்டிடாதேங்கோ."

"ஓம் ரீச்சர்."

"ஆனா ஒரு பயிற்சிக்கு வெறுங்கையோட எழும்பி நிண்டிட்டா. வீட்டில இறந்த ஆருக்கெண்டாலும் எழுதச் சொன்னனான். எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை ரீச்சர் எண்டா. பிள்ளையள் எல்லாம் சிரிச்சிட்டினம். குடுத்து வைச்ச வீடு எண்டு நானும் சொன்னன்."

நான் விறாந்தைத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாவைத்தான் ஒரு கூட்டத்திலையும் காணக் கிடைக்கேல்லை" என்று ரீச்சர் சொன்னார். "எப்ப கேட்டாலும் தொழிலுக்குப் போட்டார் எண்டுதான் சொல்லுவா. உங்கட அப்பா கரைக்கே வரமாட்டாரோ எண்டு ஒருநாள் பகிடியாக் கேட்டன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் குத்திப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். இவர் வயல் ஊரில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஒரு பிள்ளை, அப்பா தொழிலுக்குப் போய்விட்டார் என்றால், அது அவருக்கு வேறு எப்படி விளங்கும்? அந்த முகத்தில் கள்ளம் ஒன்றும் இருக்கவில்லை.

"அதுக்கு என்ன சொன்னவ?" என்று கேட்டேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"வருவார் எண்டு அம்மா சொல்றவ எண்டா."

"ஓம் ரீச்சர்" என்றேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியில் அந்த வகுப்பைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மற்றப் பிள்ளைகள் தங்கள் அப்பப்பாவையும் அம்மம்மாவையும் வாசித்துவிட்டு இருக்க, இவள் ஒன்றும் இல்லாமல் எழும்பி நின்றிருக்கிறாள். கொடுத்து வைத்த வீடு என்று ரீச்சர் சொன்னபோது எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ரீச்சரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த வகுப்பில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேருக்குத் தெரிந்தும் இருக்கும். அவள் சொல்லவில்லை. நான் எதைச் சொன்னேனோ அதையே அங்கேயும் போய்ச் சொல்லியிருக்கிறாள். என்னுடைய பொய்யைப் பதினாறு வயதுப் பிள்ளை வகுப்பு நடுவில் நின்று காப்பாற்றியிருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி, "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியானச் சமையலுக்கு மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பு மூட்ட விறகை எடுத்தவள், மூட்டாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

"வாசி" என்றேன்.

"ஆரை?"

"அப்பாவை."

துருவலை நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவி, பாவாடையில் துடைத்து, எழும்பிக் கதவு நிலையோடு நின்றாள். கடுதாசி ஏதும் எடுக்கவில்லை.

வாசித்தாள். எங்கள் ஊரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, அவருடைய பெயரை முழுதாகச் சொன்னாள். அவ்வளவு முழுதாக அந்தப் பெயரை எங்கள் கலியாணத்தன்று கோவிலில் கேட்டதோடு சரி. கடலில் காலமானார் என்றாள். திகதி சொல்லவில்லை. அவருடைய தாய் தகப்பன் பெயர், என்னுடைய பெயர், அன்புக் கணவரும். தன்னுடைய பெயரை வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயரைப் போலச் சொல்லி, பாசமிகு தந்தையும் ஆவார் என்றாள். நல்லடக்கம் வர வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு மட்டும் விட்டாள். அந்த வசனம் இருக்கவில்லை. உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். ஓர் இடத்திலும் தடக்கவில்லை. சங்கக் கடை மனேச்சரை வாசித்த அதே குரல். நடுக்கம் இல்லை.

கடைசியில் மூச்சு விட்டு, "தகவல், மகள்" என்றாள்.

மகள் மட்டும்தான். அது முதல் தடவை வாசித்த வாசிப்பு அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எங்க வாசிச்சனீ?"

"கரையில."

"எத்தினை தரம்?"

"கனக்க."

"ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் இல்லை. ஒரு நாய் வந்து இருக்கும்."

"அழுதனீயோ?"

"முதல் முதல் அழுதனான்" என்றாள். "பிறகு உச்சரிப்பு சரி வந்திட்டுது."

நான் அவளைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இரண்டு பேரும் அதோடு விழுந்திருப்போம். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் விழக்கூடாது என்று இருந்தேன்.

"என்னையும் போடு."

"எங்க அம்மா?"

"தகவலில. மனைவி எண்டு போடு. மனைவி முதல், பிறகுதான் மகள். அப்பிடித்தானே ஒழுங்கு."

அவள் முதலில் இருந்து திரும்ப வாசித்தாள். ஊர், பெயர், தாய், தகப்பன், எல்லாம் முன்புபோலத் தெளிவாக வந்தன. தகவல் என்று சொல்லி மூச்சு விட்டாள். மனைவி என்ற சொல்லில் அந்தக் குரல் போனது. மகள் என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. கதவு நிலையோடு சரிந்து இருந்துவிட்டாள். நான் தவழ்ந்து போய் அவளைப் பிடித்தேன். பிறகு நான் அழுத சத்தத்தை நானே அதுவரை கேட்டதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மச்சாள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். துணியால் மூடிய சட்டி ஒன்று கையில். "அடுப்பை மூட்டாதேங்கோ" என்றார். செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அயலார் சமைத்துக் கொண்டுவருவார்கள். என் மனுசன் வராமல் போன அந்த நாட்களில் மச்சாள் இப்படித்தான் ஒரு சட்டியோடு வந்தார். படலையில் நின்று, நாங்கள் சமைத்துவிட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதை அவர் பிறகு ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை.

துணியை விலக்கினேன். சோறும் பருப்பும் கத்தரிக்காயும். மீன் இல்லை. மீன் இல்லாமல் சோறு தின்னாத ஊரில் அது என்ன சாப்பாடு என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மச்சாளுக்குப் பின்னால் அண்ணன் வந்தார். வெறும் மேலோடுதான் அவரை நாங்கள் எந்த நாளும் பார்ப்பது. அன்று சட்டை போட்டிருந்தார். ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு, முழங்காலை இழுத்து இழுத்து வந்து, முற்றத்தில் படலையைப் பார்த்தபடி போட்டு இருந்தார். செத்த வீட்டுக்கு வருகிற ஆண்கள் எத்தனை மணிக்கு உடலை எடுக்கிறது என்று கேட்பார்கள். அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

மச்சாள் இரண்டு கோப்பையில் சோற்றைப் போட்டுத் தந்தார். மகள் முதலில் கை வைக்கவில்லை. நான் ஒரு வாய் எடுத்த பிறகுதான் எடுத்தாள்.

பின்னேரம் முழுவதும் ஆட்கள் ரோட்டால் போய் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் சட்டை போட்டு எங்கள் முற்றத்தில் இருப்பதைக் கண்டு ஒவ்வொருவராகப் படலையில் நின்றார்கள். ஒவ்வொரு தரமும் அவர் எழும்பி, அந்த முழங்காலோடு படலை வரை நடந்து போய், அறிவித்தலை மெதுவாகச் சொல்லிவிட்டு வந்து இருந்தார். உள்ளே வந்து ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நான் யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை.